இரு தொலைதூர நகரங்களுக்கு இடையிலான வான்வழித் தூரத்தையும் பயண நேரத்தையும் கணக்கிடுவது எப்படி?

டோக்கியோவுக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் இடையே விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், பத்து மணி நேரம் என்று ஒருவர் சொல்வார். பன்னிரண்டு மணி நேரம் என்று இன்னொருவர் சொல்வார். பயணச்சீட்டை மட்டும் பார்ப்பவர், மாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு அதே நாள் காலை பத்து மணிக்கே போய் இறங்கிவிடலாம் என்பார். மூவர் சொல்வதும் சரிதான். அவர்கள் ஒவ்வொருவரும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்கிறார்கள் என்பதுதான் முதன்முறையாக நெடுந்தூரம் பறக்கப் போகிறவர்களுக்குப் பிடிபடுவதில்லை. நகரங்களுக்கு இடையிலான தூரம், அந்தத் தூரத்தைக் கடக்க விமானம் எடுத்துக்கொள்ளும் நேரம், இரு ஊர்க் கடிகாரங்களும் காட்டும் வேறுபாடு ஆகிய மூன்றையும் முதலில் தனித்தனியே கணக்கிட்டுக்கொண்டு, பிறகுதான் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கான வழிமுறை இங்கே படிப்படியாகத் தரப்படுகிறது. பள்ளிக் கணிதமும், சைன், கொசைன் பொத்தான்கள் உள்ள ஒரு கணிப்பானும் இருந்தால் போதும். கணக்கிட விருப்பமில்லாதவர்களுக்கு மாற்று வழியும் ஆங்காங்கே சொல்லப்பட்டுள்ளது.

முதல் படி: எந்த இரு புள்ளிகள் என்பதை முடிவுசெய்தல்

நகரம் என்பது ஒரு புள்ளி அல்ல. டோக்கியோவுக்கு இரண்டு பெரிய விமான நிலையங்கள் உள்ளன. ஹனேடா நகரின் மையத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவிலும், நரிட்டா 60 கிலோமீட்டருக்கும் அப்பாலும் அமைந்துள்ளன. லண்டனுக்கு ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் எனப் பல நிலையங்கள் உண்டு. பயணச்சீட்டுத் தேடல் தளங்களில் நகரத்தின் பெயரைக் கொடுத்தால் அந்த நகரத்தைச் சேர்ந்த எல்லா நிலையங்களையும் ஒன்றாகவே காட்டும் என்பதால், விலை குறைந்த சீட்டு என்று எண்ணி வாங்கியது நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கும் நிலையத்துக்கு உரியதாக இருக்கக்கூடும். வானில் 60 கிலோமீட்டர் என்பது நான்கு நிமிடம்தான். தரையில் அதே தூரம் ஒரு ரயில் பயணம். ஆகவே விமான நிலையத்தின் முழுப்பெயரையும் அதற்குரிய மூன்றெழுத்துக் குறியீட்டையும் முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் குறியீடு பெயர்க்குழப்பத்திலிருந்தும் காக்கும். சான் ஹோசே என்ற பெயரில் கோஸ்டா ரிகாவிலும் கலிபோர்னியாவிலும் விமான நிலையங்கள் உள்ளன. ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குப் போக நினைத்து, கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் உள்ள சிட்னிக்குச் சீட்டு எடுத்துப் போய் இறங்கியவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாம் படி: தூரத்தைக் கண்டறிதல்

சுவரில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தில் அளவுகோலை வைத்து அளந்தால் சரியான தூரம் கிடைக்காது. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது துருவங்களை நெருங்க நெருங்கப் பரப்பு மிகைப்பட்டு விரிகிறது. நாம் அதிகம் பார்த்துப் பழகிய, 1569இல் மெர்கேட்டர் வகுத்த வரைபட முறையில், கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு ஈடாகத் தெரிவது அதனால்தான். உண்மையில் ஆப்பிரிக்கா ஏறத்தாழ பதினான்கு மடங்கு பெரியது. அத்தகைய வரைபடத்தில் நேர்கோடாகத் தெரிவது குறுகிய வழியாக இருப்பதில்லை. குறுகிய வழி அதில் வளைந்த கோடாகவே தெரியும்.

கோளத்தின் மேற்பரப்பில் இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் ஒரு பகுதியாகும். இதைக் கண்ணால் பார்க்க விரும்பினால், பூகோள உருண்டையில் டோக்கியோவின் மீது நூலின் ஒரு முனையை விரலால் அழுத்திப் பிடித்து, மறுமுனையை லாஸ் ஏஞ்சலிஸ் வரை தளர்வில்லாமல் இழுத்துப் பாருங்கள். இரு நகரங்களும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருந்தும், நூல் அந்த ரேகையை ஒட்டிக் கிழக்கே போகாது. வழுக்கிக்கொண்டு வடக்கே ஏறி, அலூசியன் தீவுகளுக்குத் தெற்கே ஏறத்தாழ 48 பாகை வடக்கு வரை சென்று, பிறகு கீழிறங்கும். இருக்கைத் திரையில் தெரியும் வளைந்த பாதையைப் பார்த்து, விமானம் ஏன் சுற்றிப் போகிறது என்று வியப்பவர்களுக்கு இந்த நூல்தான் விடை.

எண்ணாகக் கணக்கிட, இரு நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும். டோக்கியோவுக்கு 35.7 பாகை வடக்கு, 139.7 பாகை கிழக்கு என்றும், லாஸ் ஏஞ்சலிஸுக்கு 34.05 பாகை வடக்கு, 118.24 பாகை மேற்கு என்றும் எடுத்துக்கொள்வோம். தெற்கு அட்சரேகைக்கும் மேற்குத் தீர்க்கரேகைக்கும் கழித்தல் குறி இட வேண்டும். கணிப்பான் பாகை முறையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் அவசியம். அது ரேடியன் முறையில் இருந்தால் விடை முழுவதும் தவறிவிடும்.

முதலில், இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கினால் 0.3267 கிடைக்கிறது. அடுத்து, அதே அட்சரேகைகளின் கொசைன் மதிப்புகளைப் பெருக்கி, அதைத் தீர்க்கரேகைகளின் வேறுபாட்டுக்குரிய கொசைனால் பெருக்க வேண்டும். வேறுபாடு 257.94 பாகை என்று வரும்; மறுபக்கமாகச் சுற்றினால் அது 102.06 பாகை. இரண்டுக்கும் கொசைன் ஒன்றே என்பதால் எதை எடுத்தாலும் பிழையில்லை. பெருக்கினால் கழித்தல் 0.1406 வருகிறது. இரண்டையும் கூட்டினால் 0.1861, இந்த எண்ணைக் கொசைனாகக் கொண்ட கோணம் 79.27 பாகை. பூமியின் மேற்பரப்பில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 111.2 கிலோமீட்டர் ஆகையால், இரு நகரங்களுக்கும் இடையிலான தூரம் சுமார் 8,815 கிலோமீட்டர். நூல் போகாத வழியில், அதாவது அட்சரேகையை ஒட்டியே நேர்கிழக்காகப் பறந்தால், 9,300 கிலோமீட்டர் ஆகியிருக்கும். வளைந்து போவதுபோல் தெரியும் பாதைதான் ஏறத்தாழ 500 கிலோமீட்டரை மிச்சப்படுத்துகிறது.

பூமி முழுமையான கோளம் அல்லவே என்ற ஐயம் சிலருக்கு எழலாம். நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357 கிலோமீட்டர். இந்தத் தட்டைத்தன்மையைக் கணக்கில் கொள்ளும் நுட்பமான சூத்திரங்களும் உள்ளன. ஆனால் கோளமாகக் கொள்வதால் வரும் பிழை அரை விழுக்காட்டைத் தாண்டாது. நம் எடுத்துக்காட்டில் அது மிஞ்சிப்போனால் மூன்று நிமிடப் பறப்பு. பயணிக்கு அது பொருட்டல்ல. கணக்கே வேண்டாம் என்பவர்கள் கூகுள் எர்த்தில் உள்ள அளவுகோல் கருவியைப் பயன்படுத்தலாம். அது பெருவட்டத் தூரத்தையே தரும்.

விமானத் துறையினர் தூரத்தைக் கடல் மைலில் சொல்வார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், தரை மைலோ 1.609 கிலோமீட்டர். ஒரு தளம் வெறுமனே மைல் என்று குறிப்பிட்டிருந்தால் அது எந்த மைல் என்று பார்த்துவிட்டே கிலோமீட்டராக மாற்ற வேண்டும். மேலும், பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் என்பதால், எந்த இரு நகரங்களுக்கும் இடையிலான குறுகிய தூரம் 20,000 கிலோமீட்டரை ஒட்டிய எல்லையைத் தாண்ட முடியாது. 22,000 கிலோமீட்டர் என்று எங்கேனும் கண்டால், அது இடையில் வேறு ஊர்களில் இறங்கி ஏறும் வழியின் தூரம் என்று அறிந்துகொள்ளலாம்.

மூன்றாம் படி: தூரத்தை நேரமாக மாற்றுதல்

கணக்கில் பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடும் என்பது உண்மை. ஆனால் எந்த வேகம் என்பதுதான் கேள்வி.

நெடுந்தூரப் பயணத்துக்கான போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற அகல உடல் விமானங்கள் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கு வேகத்தில் பறக்கின்றன. தரைமட்டத்தில் ஒலியின் வேகம் மணிக்கு 1,225 கிலோமீட்டர். வெப்பநிலை கழித்தல் 56 பாகை செல்சியஸை ஒட்டியிருக்கும் 11 கிலோமீட்டர் உயரத்தில் அது 1,062 கிலோமீட்டராகக் குறைகிறது. எனவே விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர். குறுகிய உடல் கொண்ட ஏ320, போயிங் 737 வகைகளுக்கு இது 830 கிலோமீட்டர் அளவில் இருக்கும். சுழலி பொருத்திய ஏடிஆர் 72 போன்ற சிறு விமானங்கள் 500 கிலோமீட்டரை ஒட்டியே பறக்கும்; தொலைதூரப் பயணத்தின் கடைசிக் கட்டம் அத்தகைய விமானத்தில் அமைந்தால் அதற்குத் தனிக்கணக்கு வேண்டும்.

ஆனால் இவையெல்லாம் விமானம் தன்னைச் சூழ்ந்துள்ள காற்றைக் கிழித்துச் செல்லும் வேகங்கள். அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருக்கிறது. ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், இரு அரைக்கோளங்களின் நடு அட்சரேகைகளிலும், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் காற்று எனப்படும் வலுவான காற்றோட்டம் வீசுகிறது. அதன் வேகம் மணிக்கு 150, 200 கிலோமீட்டராக இருப்பது வழக்கம். குளிர்காலத்தில் 300 கிலோமீட்டரையும் தாண்டுவதுண்டு. ஜப்பானின் வானில் இது குறிப்பாக வலுத்திருக்கும். அந்நாட்டு வானிலை அறிஞர் வாசாபுரோ ஓயிஷி 1920களிலேயே பலூன்களை ஏவி இதை அளந்து, உலகத்தாருக்கு எட்ட வேண்டும் என்பதற்காக உலகப் பொதுமொழியாக இருக்கட்டும் என்று செயற்கையாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். அதனாலேயே அதைப் பெரும்பாலோர் படிக்காமல் போனார்கள்.

கிழக்கு நோக்கிப் போகும் விமானத்துக்கு இக்காற்று பின்னாலிருந்து தள்ளும் காற்று. மேற்கு நோக்கிப் போவதற்கு இதுவே எதிர்க்காற்று. இருக்கைத் திரையில் உயரம், வெளி வெப்பநிலை ஆகியவற்றோடு தரைவேகம் என்ற எண்ணும் தெரியும். கிழக்கே போகும்போது அது 1,050 என்றும், அதே வகை விமானத்தில் மேற்கே திரும்பும்போது 780 என்றும் காட்டுவது இயல்பே. விமானியின் அவசரமோ நிதானமோ அதற்குக் காரணமல்ல. 2020 பிப்ரவரியில், சியாரா புயலின்போது, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குச் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடங்களில் தரையிறங்கியது. அதன் தரைவேகம் ஒரு கட்டத்தில் 1,300 கிலோமீட்டரைக் கடந்தது. அது ஒலியை மிஞ்சியதாகாது. காற்றோடு ஒப்பிட்டால் விமானம் தன் வழக்கமான வேகத்தில்தான் சென்றுகொண்டிருந்தது.

இனிக் கணக்குக்கு வருவோம். பாதை பெருவட்டத்திலிருந்து சற்று விலகும் என்பதால், தூரத்தோடு முதலில் இரண்டு மூன்று விழுக்காட்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும். டோக்கியோ–லாஸ் ஏஞ்சலிஸ் வழிக்கு 9,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கிழக்கு மேற்காகப் போகும் நெடுவழிகளில் காற்றுக்காக மணிக்கு 80 முதல் 100 கிலோமீட்டர் வரை கூட்டியோ கழித்தோ கொள்ளலாம். புறப்பட்டு மேலேறும்போதும் கீழிறங்கும்போதும் வேகம் குறைவு, ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும் நேரம் பிடிக்கும் என்பதால், இறுதியில் 35 நிமிடத்தைச் சேர்க்க வேண்டும். கிழக்கு நோக்கி: 9,000 கிலோமீட்டரை 1,000 ஆல் வகுத்தால் ஒன்பது மணி, அதோடு 35 நிமிடம். மேற்கு நோக்கி: 9,000 கிலோமீட்டரை 800 ஆல் வகுத்தால் பதினொன்றேகால் மணி, அதோடு 35 நிமிடம். விமான நிறுவனங்களின் அட்டவணையில் கிழக்கே ஏறத்தாழ 10 மணி நேரமும் மேற்கே 11½ முதல் 12 மணி நேரமும் காணப்படுவதோடு இது நன்றாகவே ஒத்துப்போகிறது.

போகும்போது இழந்ததைத் திரும்பும்போது காற்று முழுவதுமாக ஈடுகட்டிவிடும் என்று எண்ண வேண்டாம். காற்றே இல்லாவிட்டால் இருவழிக்கும் சேர்த்து 20 மணி நேரம் பறந்தால் போதும். மேற்கண்ட கணக்கில் அது 20¼ மணி நேரம். எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் சிக்கியிருக்கிறது, தள்ளும் காற்றில் குறைந்த நேரமே இருக்கிறது என்பதே காரணம்.

வடக்கு தெற்காகச் செல்லும் வழிகளுக்குக் காற்றுக் கணக்கே பெரும்பாலும் தேவைப்படாது. டோக்கியோவிலிருந்து சிட்னி ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். மூன்று விழுக்காடு கூட்டி 900 ஆல் வகுத்து 35 நிமிடம் சேர்த்தால் ஒன்பதரை மணி நேரம் வருகிறது. போவதற்கும் வருவதற்கும் ஏறத்தாழ அதே நேரம்தான் ஆகிறது.

நான்காம் படி: விமானம் உண்மையில் செல்லும் வழியை அறிதல்

பெருவட்டம் கணிதத்தின் வழி. விமானத்தின் வழியைக் காற்றும் சட்டமும் அரசியலும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. வட அட்லாண்டிக் பெருங்கடலின் மீது அன்றன்றைய காற்றைப் பார்த்து, பகலில் மேற்கு நோக்கியும் இரவில் கிழக்கு நோக்கியும் போகும் விமானங்களுக்கு நாள்தோறும் புதிய தடங்கள் வகுக்கப்படுகின்றன. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்குப் பெருவட்டத் தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். ஆனால் பின்னிருந்து தள்ளும் காற்றை நாடி, பசிபிக் கடலைக் கடந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கூடுதலாகச் சுற்றிச் செல்வதும் உண்டு. தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் குறைகின்றன. அந்தப் பயணத்துக்கு அட்டவணையில் பத்தொன்பது மணி நேரத்தை ஒட்டி ஒதுக்கப்படுகிறது.

இரண்டு இயந்திரங்கள் கொண்ட விமானம், ஒன்று பழுதானாலும் மற்றொன்றின் உதவியால் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதேனும் ஒரு விமான நிலையத்தை எட்டக்கூடிய தொலைவிலேயே பறக்க வேண்டும் என்பது விதி. முற்காலத்தில் இந்த வரம்பு 60 நிமிடமாக இருந்தது. 1985இல் 120 நிமிடமாயிற்று. இன்று 180 நிமிடமும் அதற்கு மேலும் அனுமதிக்கப்படுகிறது. இதனால் கடல்வழிகள் முன்பைவிட நேராகிவிட்டன.

எதிர்த்திசையில் வேலை செய்வது மூடப்பட்ட வான்வெளி. ஹெல்சின்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையிலான பெருவட்டத் தூரம் ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர்தான். அது பெரும்பாலும் ரஷ்யாவின் மீதே செல்கிறது. 2022 பிப்ரவரியில் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்ட பிறகு, முன்பு ஒன்பதரை மணி நேர அளவில் முடிந்த பயணம் ஏறத்தாழ 13 மணி நேரமாக நீண்டது. வட துருவத்தின் வழியாகவோ தெற்கே நடு ஆசியாவின் வழியாகவோ சுற்றிச் செல்ல வேண்டியதாயிற்று. எனவே உங்கள் கணக்குக்கும் அட்டவணைக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருந்தால், கணக்கைத் திரும்பப் போடுவதற்கு முன், வழியில் ஏதேனும் ஒரு நாட்டின் வான்வெளி மூடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பழைய பக்கங்களில் காணப்படும் பயண நேரங்கள் இக்காரணத்தாலேயே நம்பத் தகாதவையாகிவிட்டன.

ஐந்தாம் படி: அட்டவணையில் உள்ள நேரத்தைப் புரிந்துகொள்ளுதல்

பயணச்சீட்டில் அச்சாகும் புறப்படும் நேரம் விமானம் தரையை விட்டு எழும் நேரம் அல்ல. நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கும் நேரம். சேரும் நேரமும் அவ்வாறே, சக்கரம் ஓடுபாதையைத் தொடும் நேரமாக இல்லாமல், விமானம் வாயிலில் வந்து நிற்கும் நேரமாகும். நெரிசலான நிலையங்களில் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதற்கே அரை மணி நேரம் ஆகிவிடும். இதோடு, தாமதமானது என்ற பெயர் வராமல் இருக்க நிறுவனங்கள் சில நிமிடங்களைக் கூடுதலாகவும் சேர்த்து வைக்கின்றன. அமெரிக்காவின் போக்குவரத்துத் துறைக் கணக்கில், குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்து சேர்ந்தால் அது நேரம் தவறாத வருகையாகவே கொள்ளப்படுகிறது.

லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜான் எஃப். கென்னடி நிலையம் 5,540 கிலோமீட்டர். நம் முறைப்படி மேற்கு நோக்கி ஏறத்தாழ 7 மணி 40 நிமிடம் வருகிறது. அட்டவணையிலோ எட்டு மணி நேரத்தை ஒட்டி இருக்கும். கிழக்கு நோக்கி 6 மணி 20 நிமிடம் வருமிடத்தில் அட்டவணை ஏழு மணி நேரம் வரை காட்டும். இந்த இடைவெளிதான் ஊர்வதற்கும் காத்திருப்புக்கும் சேர்த்த நேரம். விமானம் அரை மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டும் குறித்த நேரத்தில் வந்து சேர்வதன் சூட்சுமமும் இதுவே.

உங்கள் பயணத்துக்கு உண்மையில் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதை அறிய, என் கருத்தில், இவை எல்லாவற்றையும்விட நம்பகமான வழி ஒன்று உண்டு. பிளைட்ரேடார்24, பிளைட்அவேர் போன்ற தளங்களில் விமான எண்ணைக் கொடுத்தால், அந்த விமானம் கடந்த சில நாட்களில் எப்போது எழுந்தது, எப்போது இறங்கியது என்ற பதிவு கிடைக்கும். ஐந்தாறு நாட்களின் நேரங்களைப் பார்த்தால், மிகக் குறைந்ததும் மிக அதிகமுமான எல்லைகள் தெரிந்துவிடும். ஒரே ஒரு நாளின் நேரத்தைக் கொண்டு முடிவுக்கு வரக்கூடாது.

ஆறாம் படி: கடிகாரத்தையும் தேதியையும் சரிசெய்தல்

பயணச்சீட்டில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரமே. இதற்கு விலக்கு இல்லை. ஆகவே சேரும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தைக் கழித்தால் பயண நேரம் வராது; இரண்டையும் முதலில் உலகப் பொது நேரமான யூடிசிக்கு மாற்றிக்கொண்ட பிறகே கழிக்க வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன விந்தையை இம்முறையில் பிரித்துப் பார்க்கலாம். டோக்கியோ யூடிசியைவிட ஒன்பது மணி நேரம் முன்னே உள்ளது. அங்கு மாலை 5 மணி என்றால் யூடிசியில் காலை 8 மணி. பத்து மணி நேரம் பறந்தால் யூடிசியில் மாலை 6 மணி. குளிர்காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் யூடிசிக்கு எட்டு மணி நேரம் பின்னே இருப்பதால், இறங்கும்போது அங்கே அதே நாள் காலை 10 மணி. நடுவே சர்வதேசத் தேதிக்கோட்டைக் கடந்ததால் ஒரு நாள் திரும்பக் கிடைத்திருக்கிறது. மறுவழியில் அந்த நாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்: லாஸ் ஏஞ்சலிஸில் திங்கள் நண்பகல் 12 மணிக்குப் புறப்பட்டு, பன்னிரண்டு மணி நேரம் பறந்து, டோக்கியோவில் இறங்கும்போது செவ்வாய் மாலை 5 மணி. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் 29 மணி நேரம் ஓடியிருக்கும்.

சேரும் நேரத்துக்கு அருகே சிறிய எழுத்தில் கூட்டல் 1 என்று அச்சிடப்பட்டிருந்தால், புறப்பட்ட தேதிக்கு அடுத்த நாள் என்று பொருள். கூட்டல் 2 வருவதும் உண்டு. விடுதியில் அறை பதிவு செய்யும்போது இந்தச் சிறு எண்ணைக் கவனிக்காமல் விடுவதே புதியவர்கள் அதிகமாகச் செய்யும் பிழை. புறப்படும் தேதிக்கு அறை எடுத்துவிட்டு, அந்த இரவு முழுவதும் வானிலேயே இருப்பார்கள். வராத விருந்தினர் என்று விடுதி பதிவை நீக்கியிருக்கும். நள்ளிரவை ஒட்டிப் புறப்படும் விமானங்களிலும் இதே ஆபத்து உண்டு. 15ஆம் தேதி 00:30 மணி என்றால் 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

நேர வேறுபாடு ஆண்டு முழுவதும் ஒரே அளவாக இருப்பதில்லை. அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பழைய நிலைக்குத் திருப்புகிறார்கள். ஐரோப்பாவில் இது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் நடக்கிறது. ஜப்பானில் இம்முறையே இல்லை. எனவே லாஸ் ஏஞ்சலிஸுக்கும் டோக்கியோவுக்கும் இடையே குளிர்காலத்தில் 17 மணி நேரமும் கோடையில் 16 மணி நேரமும் வேறுபாடு. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வழக்கமாக ஐந்து மணி நேரம் என்றாலும், மார்ச் மாதத்தில் இரண்டு மூன்று வாரங்களுக்கு அது நான்காகிவிடுகிறது. தென் அரைக்கோளத்தில் இதைப் பின்பற்றும் நாடுகள் நேர்மாறான மாதங்களில் கடிகாரத்தை மாற்றுகின்றன. மேலும், எல்லா நாடுகளும் முழு மணி நேர வேறுபாட்டில் இல்லை. இந்தியாவும் இலங்கையும் ஐந்தரை மணி நேரம் முன்னே உள்ளன, நேபாளம் ஐந்தேமுக்கால் மணி நேரம் முன்னே உள்ளது. கணக்கிட வேண்டியது பயண நாளன்று நிலவும் வேறுபாட்டையே. சீட்டு வாங்கும் நாளின் வேறுபாடு உதவாது.

ஏழாம் படி: இடையில் இறங்கி ஏறும் பயணம்

நேரடி விமானம் என்று விற்கப்படுவது எங்கும் நிற்காமல் போகும் என்று கொள்ள முடியாது. ஒரே விமான எண்ணோடு வழியில் ஓர் ஊரில் இறங்கி மீண்டும் புறப்படுவதும் அப்பெயரிலேயே விற்கப்படுகிறது. நிறுத்தங்களின் எண்ணிக்கை பூஜ்யம் என்று காட்டினால் மட்டுமே அது இடைநில்லா விமானம்.

இணைப்பு ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது, இரு கட்டங்களின் தூரத்தையும் கூட்டி, நேர்த்தூரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மிகவும் பயன்தரும். லண்டனிலிருந்து சிட்னி ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர். சிங்கப்பூர் வழியாகச் சென்றால் 10,880, 6,290 என மொத்தம் 17,170 கிலோமீட்டர்; கூடுதல் சுற்று ஒரு விழுக்காடுதான். லாஸ் ஏஞ்சலிஸ் வழியாகச் சென்றால் 20,800 கிலோமீட்டர். கூடுதல் தூரமே நான்கு மணி நேரப் பறப்புக்கு மேல். அதோடு, அமெரிக்காவில் விமானம் மாறுவோரும் குடியேற்றச் சோதனையைக் கடந்தே ஆக வேண்டும் என்பதால், பலருக்கு அங்கே காலடி வைக்க உரிய அனுமதியும் தேவைப்படும். விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக இத்தகைய வழியைத் தேர்ந்தெடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரு கட்டங்களும் ஒரே பயணச்சீட்டில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இணைப்பு தவறினாலும் அடுத்த விமானத்தில் அனுப்பும் பொறுப்பு நிறுவனத்தைச் சேரும். தனித்தனிச் சீட்டுகளாக வாங்கினால் அப்பொறுப்பு பயணியின் தலையில் விழும். பெரும்பாலும் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மீண்டும் வரிசையில் நின்று ஒப்படைக்க வேண்டியிருக்கும். அவ்வாறு செல்வோர் இடையில் குறைந்தது நான்கைந்து மணி நேரமாவது விட்டுக்கொள்ள வேண்டும். நாளுக்கு ஒரே விமானம் மட்டும் உள்ள வழியாக இருந்தால் ஓர் இரவே தங்கிச் செல்வது பாதுகாப்பானது.

எட்டாம் படி: வீட்டிலிருந்து வீடு வரை

மேற்கண்ட எல்லாம் விமானத்துக்குள் கழியும் நேரம். பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே நிலையத்தில் இருக்க வேண்டும். இறங்கிய பின் குடியேற்றச் சோதனைக்கும் பெட்டி எடுப்பதற்கும் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். இரு பக்கமும் தரைவழிப் பயணத்தையும் சேர்த்தால், பத்து மணி நேர விமானப் பயணம் எளிதாகப் பதினாறு மணி நேரம் ஆகிவிடும்.

விமான நிறுவனங்களின் கோடைக்கால அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறன்றும், குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிறன்றும் தொடங்குகின்றன. மாதக்கணக்கில் முன்னதாகச் சீட்டு வாங்கியவர்கள் இந்த இரு தேதிகளையும் ஒட்டி நேரம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பயணத்துக்கு மூன்று நாட்களுக்கு முன்பும், புறப்படும் நாளிலும் மீண்டும் ஒருமுறை பார்ப்பது நல்லது. அழைத்துப் போக வருபவரிடம் இத்தனை மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்று சொல்வதைவிட, விமான எண், விமான நிலையத்தின் பெயர், முனையம், அவருடைய ஊர் நேரப்படி வந்து சேரும் தேதி, மணி ஆகியவற்றை எழுதி அனுப்பிவிடுங்கள். காற்றின் உதவியால் விமானம் அரை மணி நேரம் முன்னதாக வந்தாலும், அந்த எண்ணை வைத்தே அவர் அதைத் தெரிந்துகொள்வார்.